தோட்டத்தைப் பையன் பேருக்கு எழுதலாமுங்களா? விசா, குடியுரிமை கேள்வி பதில்

காங்கேயம் விவசாயி: பையன் அமெரிக்காவுல எச்-1பிங்கற வேலை விசாவுல இருக்கானுங்க. எட்டு ஏக்கர் தோட்டத்தை இப்பவே தான செட்டில்மென்ட் எழுதிடலாமுங்களா? இல்ல, ஓசிஐ கார்டு வந்த பொறகு எழுதினா ஆகுமுங்களா?

ரெண்டுமே ஆகாதுங்க ஐயா. பத்திர ஆபீசுக்கு அவசரப்பட்டுப் போயிடாதீங்க. பையன் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், அவர் இந்தியக் குடிமகன்தான். ஆனால் வேலைக்காக வெளிநாட்டில் குடியிருப்பதால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்ஆர்ஐ, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர், ஆகிவிட்டார். ஓசிஐ கார்டு என்பது வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது. என்ஆர்ஐயும் சரி, ஓசிஐ கார்டுக்காரரும் சரி, வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலத்தையும் எஸ்டேட்டையும் பண்ணை வீட்டையும் விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. மச்சினன் பேரில் வாங்கிப் போடலாம் என்று யாராவது ரோசனை சொன்னால் காதில் வாங்காதீங்க, அது பினாமி.

வாரிசுரிமைக்குத் தடையில்லை. உயில் எழுதிப் பதிவு செய்து வையுங்க. நாளைக்கு அவர் அமெரிக்கக் குடியுரிமை எடுத்து ஓசிஐ வாங்கியிருந்தாலும் உங்களுக்குப் பிறகு தோட்டம் அவருக்குச் சேரும். விற்க நினைத்தால், இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

ஓசிஐயை 'இரட்டைக் குடியுரிமை' என்று நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அது ஆயுள் முழுக்கச் செல்லும் விசாதான். ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலையும் கிடையாது.

அவரே: அப்ப இப்ப அவனுக்கு ஓட்டு இருக்குதுங்களா?

இருக்குதுங்க. படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். ஓட்டுப் போட நேரில் வரணும்.

பொள்ளாச்சி அம்மா: மகளுக்குப் பிரசவம். அமெரிக்காவுக்குப் பத்து வருச விசா குடுத்துட்டாங்க. ஒரு வருசம் இருந்து கொழந்தையப் பாத்துட்டு வரலாமுங்களா?

பத்து வருசம் என்பது அந்த ஊர் வாசல் வரைக்கும் போவதற்கான காலக்கெடுதானுங்கம்மா. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும்போது அங்கிருக்கும் அதிகாரி முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். ஐ-94 என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும், மகளிடம் சொல்லி இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் போதாதென்றால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கணும். கெடு தாண்டித் தங்கினால் மீதியிருக்கும் வருசத்துக்கான விசாவும் செல்லாமல் போய்விடும்.

ஈரோட்டுப் பெண்: கணவர் எச்-1பி-ல இருக்காரு, அவரோட மனைவிங்கறதால எச்-4 விசாவுல போறேன். எம்எஸ்சி முடிச்சிருக்கேன், அங்க வேலைக்குப் போகலாமா?

போனதும் முடியாதும்மா. படிக்கலாம். கணவருடைய கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டால், 2015-இல் வந்த விதிப்படி வேலை அனுமதி கேட்கலாம். இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள்: உங்கள் நிலை முழுக்க அவர் வேலையைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வேலை போனால் அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள்தான், அது உங்களுக்கும் சேர்த்து.

திருப்பூர் டெய்லர்: பத்தாவது பெயிலுங்க. விசிட் விசாவுல துபாய் போயிரு, அங்க மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு.

போகாதே தம்பி. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனாலே நீதான் முதலில் மாட்டுவாய். பத்தாவது தேறாததால் உன் பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவைப்படும் வகையாக இருக்கும். வளைகுடா, மலேசியா, ஜோர்டான் உள்பட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த வழியில் போனால் வேலை ஒப்பந்தம் அரசுப் பதிவில் இருக்கும், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேரும். விசிட் விசாவில் போனால் இது எதுவும் இல்லை.

பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து: அம்மா அப்பா 1984-ல மன்னார்லருந்து வந்தவங்க. நான் 1986-ல ராமநாதபுரத்துல பிறந்தேன், தம்பி 1991-ல. எங்க ரெண்டு பேரையும் அகதின்னுதான் எழுதுறாங்க. நாங்க யாருங்க ஐயா?

நீ பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் அம்மிணி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் எந்த நாட்டவர் என்று குடியுரிமைச் சட்டம் பார்ப்பதில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

தம்பிக்கு இது பொருந்தாது. சொல்லவே மனசு வரவில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை ஒரு தேதி பிரித்துவிடுகிறது. குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. பெற்றோருக்கு அது பாதுகாப்பு, ஆனால் அது குடியுரிமை ஆகாது.

முதலில் உன் பிறப்புச் சான்றிதழை எடு. ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த ஊர் நகராட்சிப் பதிவேட்டில் இருக்கும். பேர் ஏறாமல் இருந்தால் சேர்த்து வாங்கிக்கொள். அதை வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பி. மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கு, கோர்ட்டுக்குப் போவதற்கு அந்தத் தாள்தான் வேண்டும்.