விலை இறங்கிய வண்டி, இறங்காத உதிரி பாகம்: வாசகர் கேள்வி–பதில்

பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ. வாங்குவது பற்றியும் வைத்துப் பராமரிப்பது பற்றியும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அண்ணாச்சி, கோயம்புத்தூரில் ரெண்டு பென்ஸ் இ-கிளாஸ் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு 2005 மாடல் இ 200 கே, பெட்ரோல். ரெண்டரை லட்சம் சொல்றாங்க. இன்னொண்ணு 2008 இ 280 சி.டி.ஐ., டீசல், அஞ்சே கால் லட்சம். கையில ஆறு லட்சம் இருக்கு. எதை எடுக்கலாம்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் பம்பும் இன்ஜெக்டரும் இன்றைக்கும் பெரிய வண்டியின் விலையில்தான் வருகின்றன. வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்த வகை வண்டியைத் தொட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்தக் கணக்குப்படி இ 280-ஐ நாலரை லட்சத்துக்குப் பேசி முடித்தால் எடுக்கலாம். அஞ்சே காலுக்கு எடுத்தால் மிச்சமுள்ள முக்கால் லட்சம் நான்கு டயர், கியர்பாக்ஸ் ஆயில், முன் சஸ்பென்ஷன் வேலையிலேயே கரைந்துவிடும்.

2005 வண்டியில் முதலில் கேட்க வேண்டியது பிரேக். டபிள்யூ 211 எனப்படும் இந்த இ-கிளாஸில் 2006 நடுப்பகுதி வரை எஸ்.பி.சி. என்ற மின்சார–ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. அந்தப் பம்பு, பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணி வைக்கும். கணக்கு முடிந்தால் மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை வரும். பம்பை மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இன்னொன்றை உங்கள் மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள்: ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டு எஸ்.பி.சி.யை நிறுத்தாமல் பிரேக் பேடைக் கழற்றக் கூடாது. கதவைத் திறந்தாலே அந்தப் பம்பு தானாக அழுத்தம் ஏற்றும். பேடை அழுத்தும் காலிப்பருக்குள் விரல் இருந்தால் நசுங்கிவிடும். 2008 வண்டியில் இந்தத் தொல்லை கிடையாது.

இ 200 கே-யின் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) நீளும். காலையில், முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் செயினும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரும் தேய்ந்திருக்கின்றன. விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். இன்ஜின் முன்பக்கம் இருக்கும் கேம் மேக்னெட்டின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அது ஒயருக்குள்ளேயே ஊர்ந்து கம்ப்யூட்டர் வரை போகக்கூடும்.

இ 280-இன் வி6 டீசல் நீண்ட நாள் உழைக்கிற இன்ஜின். அதற்கு இரண்டு வியாதி உண்டு. ஒன்று, டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயின் ரப்பர் சீல் கசிந்து, கீழே இருக்கும் இன்டேக் மோட்டாரின் மேல் ஆயில் சொட்டும். மோட்டார் செத்தால் வண்டி இழுக்காது. சீல் மலிவு, மோட்டார் அப்படியில்லை. ஆகவே சீலை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இரண்டாவது, இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் ஆயில் கூலர் இருக்கிறது. அதன் சீல் கசிந்தால் ஆயில் இன்ஜினின் பின்பக்கம் வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கிராங்க் சீல் கசிவு போலவே தெரிவதால் தப்பாகக் கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். டர்போவையும் இன்டேக்கையும் கழற்றினால்தான் கூலரைத் தொட முடியும். செலவில் பெரும்பகுதி கூலிதான்.

இதன் ஏழு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். மெர்சிடிஸ் 236.14 தரமுள்ள சிவப்பு ஆயில்தான் இந்த 2008 கியர்பாக்ஸுக்கு. பிற்பாடு வந்த நீல ஆயிலை ஊற்றக் கூடாது. டிப்ஸ்டிக் கிடையாது, ஸ்கேனரில் ஆயில் சூடு 45 டிகிரி காட்டும்போது அளவு பார்ப்பார்கள். 'இது லைஃப்டைம் ஆயில், மாற்ற வேண்டாம்' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஊருக்குள் சுற்றி முடித்துவிடாமல் நாற்கர சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். சூடேறிய பிறகுதான் கியர்பாக்ஸ் உண்மையைச் சொல்லும். எந்தக் கியரிலாவது முதுகில் தட்டுவது போல் விழுந்தாலோ, ஒரே கியரில் நின்றுகொண்டு மாற மறுத்தாலோ உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட் (கியர்பாக்ஸின் மின்பலகை) சந்தேகத்துக்குரியது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியென்றால் சாயங்காலம் நான்கு சக்கரத்துக்கும் மேலே ஃபெண்டர் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி அளங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காற்றுப்பை கசிகிறது. கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அதுவும் ஓயாமல் ஓடி எரியும்.

ஸ்கேனர், எல்லா மாட்யூலையும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை) படிக்கிற ரகமாக இருக்க வேண்டும். இன்ஜினை மட்டும் படிக்கும் சின்னக் கருவி இந்த வண்டிக்குப் பாதிக் கண்.

கேள்வி: 2023 வெள்ளத்தில் நின்ற வண்டிகளைத் துடைத்து விற்கிறார்கள் என்கிறார்கள். புரோக்கர் காட்டும் வண்டியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: நியாயமான பயம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரை நெடுக வண்டிகள் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையும் மூழ்கியது. ஆகவே சென்னைப் பதிவெண் வண்டியானாலும் இதே சோதனைதான். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் நின்ற வண்டிகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

சாதாரண வண்டி நனைந்தால் காயவைத்து ஓட்டிவிடலாம். சொகுசு வண்டியில் அது நடக்காது. தரைவிரிப்புக்கு அடியில் கனமான ஸ்பாஞ்ச் இருக்கும். அதற்கும் கீழே ஒயர் கட்டும், பல மாடல்களில் மாட்யூல்களும் இருக்கும். மேலே காய்ந்தாலும் அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். பிளக்கின் செம்பு ஊசிகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டத் தொடங்கும்.

சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி வரை இழுங்கள். துடைப்பவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் துடைப்பார்கள். சுருளின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தின் இடுக்கிலும் சீட் போல்ட்டிலும் வண்டலும் துருவும் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கதவோர பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, விரிப்பைத் தூக்கி ஸ்பாஞ்சைக் கையால் அழுத்துங்கள். டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்தையும் ஓர அறைகளையும் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி.யை உள்சுற்றில் பத்து நிமிடம் ஓடவிட்டால் புழுங்கிய வாடை தெரிந்துவிடும். பதினைந்து வருட வண்டியில் விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணிய வண்டியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் பரிசோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ் காகிதமும் பேசும். வெள்ளத்துக்குப் பிந்தைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதத்திலிருந்து திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம். உரிமையாளர் மாறினாலும் போனஸ் போய்விடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

எல்லாத் தண்ணீரும் வெள்ளத்தில் வந்ததாக இருக்காது. குற்றாலச் சாரலில் நின்ற வண்டிகளில் சன்ரூஃப் வடிகால் குழாய் இலை தழையால் அடைத்து, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். சன்ரூஃபைத் திறந்து, மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே வடிய வேண்டும்.

கேள்வி: 2009 பி.எம்.டபிள்யூ. 520டி வச்சிருக்கேன். 1,40,000 கி.மீ. ஓடியிருக்கு. இன்ஜினுக்குப் பின்னாடியிருந்து தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். ஓட்டலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: ஓட்ட வேண்டாம். உங்கள் வண்டியில் உள்ள என்47 என்ற டீசல் இன்ஜினில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், ஃப்ளைவீல் ஓரத்தில் இருக்கிறது. சத்தம் பின்னாலிருந்து வருவது அதனால்தான். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையாவது, பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டும். இறக்கியதும் மேல் செயின், கீழ் செயின், கைடுகள், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றுங்கள். பிறகு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, பி.எம்.டபிள்யூ.வின் எல்எல்-04 தரமுள்ள 5டபிள்யூ-30 ஆயில் 5.2 லிட்டர். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள். கயிறு கட்டி இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கெடும்.

கேள்வி: டெல்லிப் பதிவெண் டீசல் ஆடி மலிவாக வருகிறது. தென்காசியில் டி.என். 76 போட்டு ஓட்ட என்னென்ன செய்ய வேண்டும்?
— வாசகர், செங்கோட்டை

பதில்: மலிவுக்குக் காரணம், பத்து வயது கடந்த டீசல் வண்டிக்கு டெல்லியில் பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்த தடை. அதனால் வண்டி மோசம் என்று ஆகிவிடாது. ஆனால் முதலில் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று கையில் வர வேண்டும்; 'அப்புறம் அனுப்பி வைக்கிறேன்' என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடன் இருந்தால் படிவம் 35-இல் வங்கியின் கையெழுத்து. பெயர் மாற்றத்துக்கு 29, 30. புதுப் பதிவெண்ணுக்கு 27. வேற்று மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள எண் போட்டாக வேண்டும்.

பலரும் மறப்பது ஆயுள் வரி. நீங்கள் கொடுத்த விலையை வைத்து வரி போட மாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலையையும் வயதையும் வைத்துத்தான் கணக்கு. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சேசிஸ் விவரத்தைக் காட்டி வரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2010-இல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டு 2025-லேயே முடிந்துவிட்டது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கவும் வேண்டும். இத்தனையும் கூட்டினால் பல நேரம் உள்ளூர் வண்டியே மலிவு.

கேள்வி: ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கூடவே கூடாது. வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் சிலிண்டர் ஹெட்டிலும் படியும். ஹெட் அலுமினியம், சூடு ஏறினால் வளையும். கம்பெனி சொல்லும் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. நிறம் மாற்றிக் கலக்க வேண்டாம். அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் டிக்கியில் கிடக்கட்டும். முக்கியமான இன்னொன்று: மூடிய சுற்றில் தண்ணீர் தானாகக் குறையாது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: ஜெர்மன் வண்டி வேண்டாம் என்று கேம்ரி, அக்கார்டு பார்க்கிறேன். சரிதானா?
— வாசகர், நாங்குநேரி

பதில்: சரிதான். ஆனால் அக்கார்டு வி6-இல் டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கி.மீ. அல்லது ஏழு வருடத்தில் வாட்டர் பம்போடு சேர்த்து மாற்ற வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேம்ரி 2.4-இல் ஆயில் குடிக்கும் வண்டிகள் உண்டு, 1,000 கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள்.

கேள்வி: அப்பா ஆசையாக வைத்திருந்த 1996 பென்ஸ் இ 220, அவர் காலமான பிறகு இரண்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. விற்க மனமில்லை. மறுபடி ஓட வைக்க முடியுமா?
— வாசகி, உடன்குடி

பதில்: முடியும் அம்மா. உங்கள் வண்டி இந்தியாவில் பென்ஸ் கட்டத் தொடங்கிய முதல் வருடங்களைச் சேர்ந்தது. மெக்கானிக்குக்குப் புரிகிற வண்டி. ஆனால் பேட்டரியை மாட்டி நேராகச் சாவியைத் திருப்ப விடாதீர்கள்.

முதலில் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஒயரை விரலால் லேசாக வளைத்தால் உறை பொடிந்து உதிர்கிறதா? 1990-களின் நடுவில் வந்த இந்த இன்ஜின்களில் அது தெரிந்த குறை. பொடிந்தால் ஒயர் கட்டு முழுவதையும் மாற்றிய பிறகுதான் மின்சாரம் கொடுக்கலாம். பழைய பெட்ரோலை வடித்து, பின் சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் இருக்கும் ஃபில்டரை மாற்றுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுத் திருப்ப வேண்டும். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல், பெட்ரோலும் மின்பொறியும் போகாமல் நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், மீட்டரில் உள்ள ஆயில் அழுத்த முள் எழும்ப வேண்டும். எழும்பிய பிறகே பிளக்கை மாட்டி ஸ்டார்ட். அந்த ஆயிலை 500 கி.மீ.யில் மறுபடி மாற்றிவிடுங்கள்.

உடன்குடி கடற்காற்று வேறு. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, பிரேக் குழாய்த் துரு, ரப்பர் ஹோஸ் வெடிப்பு பார்த்து, டாட் 4 பிரேக் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். டயரின் நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் வருடம். ஏழு வருடம் தாண்டியிருந்தால் பூ (டயரின் மேல் வரிகள்) தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள்.

காகிதத்தில், உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதத்துக்கு அபராதம் வரலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். பதிவு எதுவரை புதுப்பித்திருக்கிறது என்பதையும் ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். பெயரும் இன்சூரன்ஸும் மாறும் முன் ரோட்டில் எடுக்க வேண்டாம்.

முதல் ஓட்டம் திருச்செந்தூர் வரை போதும். போய் நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த ஓட்டம் வேண்டாம்.