ரை சேர்த்த லாகரில் மிளகு வாசம் தெரியவில்லை என்றால் நாக்கில் கோளாறா?

கேள்வி: நண்பர்களோடு போய் ரை தானியம் சேர்த்த கிராஃப்ட் லாகர், அதாவது சின்ன ஆலையில் காய்ச்சிய ஒரு வகை பியர், குடித்தேன். எல்லோரும் மிளகு வாசம், மசாலா நெடி என்கிறார்கள். எனக்கு சாதா பியர் மாதிரிதான் இருந்தது. இதை எப்படி ருசி பார்த்து மதிப்பிடுவது? என் நாக்கில்தான் கோளாறா?

பதில்:

உங்கள் கடைசி வரி எனக்குப் பழக்கமானது. சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில், மில்வாக்கியில் ஒரு நண்பரின் கராஜில் நின்றுகொண்டு இதையேதான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். சுற்றி நின்ற எட்டுப் பேரும் டம்ளரை மூக்கருகே வைத்து "பெப்பர், பெப்பர்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். சுத்தப் பொய். எனக்கு ஒரு மிளகும் வரவில்லை.

பின்னூட்டத்தில் "குடியை வளர்க்கிறாயா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஏற்கெனவே குடித்துவிட்டுக் கேட்டவருக்குச் சொல்கிறேன். குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் பக்கமே போக வேண்டாம், ரையிலும் அது உண்டு. அப்புறம், நான் தேர்வு எழுதிய நடுவர் இல்லை. வீட்டில் பியர் காய்ச்சுகிறவன். போட்டிகளில் நடுவர்களுக்கு பாட்டில் எடுத்துக் கொடுத்து டம்ளர் கழுவியிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. வீட்டில் காய்ச்சுவதா என்று பதறவும் வேண்டாம். அமெரிக்காவில் 1978-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு வருடம் 200 கேலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது.

ரை என்றால் என்ன என்பதிலேயே நம் ஆட்களுக்குக் குழப்பம். இணையத்தில் யாரோ ரை என்பதைக் கம்பு என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து நாலு பேர் கம்பு பியர் என்று எழுதுகிறார்கள். கம்பு வேறு, ரை வேறு. ரை கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். குளிர் தாங்கும், சுமாரான மண்ணிலும் வரும். ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்துக் கறுப்பு ரொட்டிகளுக்கு அதுதான் மாவு. எங்கள் பக்கத்து வீட்டு இந்திக்காரர் ஒருபடி மேலே போய், "ராயி பியரா? கடுகில் பியர் செய்வார்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, இந்தியில் ராயி என்றால் கடுகுதான்.

இப்போது அந்த மிளகு. நான் கண்டுபிடித்த வரையில் அமெரிக்கர்கள் "ரை என்றால் மசாலா" என்று சொல்வதில் பாதி, பியரிலிருந்து வருவதில்லை, ரொட்டியிலிருந்து வருகிறது. அங்கே டெலி கடைகளில் விற்கும் ரை ரொட்டியில் பெரும்பாலும் கேரவே விதை தூவியிருக்கும். பார்க்க சீரகம் மாதிரி, வாசம் கொஞ்சம் சோம்புப் பக்கம். சின்ன வயதிலிருந்து அதைத் தின்று வளர்ந்தவருக்கு ரை என்று சொன்னதுமே மூக்கில் அந்த விதைதான் வரும். நமக்கு அந்த ஞாபகமே கிடையாதே, எங்கிருந்து வரும்? கேரவே போடாத ரை ரொட்டி ஒன்றை வாங்கி வெறும் வாயில் மென்று பார்த்தேன். லேசான புளிப்பு, ஈர மண் வாசம், முடிவில் நாக்கின் ஓரத்தில் ஒரு சின்ன பிடிப்பு. அந்தப் பிடிப்பைத்தான் மிளகு என்கிறார்களோ என்னவோ. எனக்கு அது மிளகில்லை. வாழைப்பூ ஆய்ந்துவிட்டு ஒரு பூவைக் கடித்தால் வருகிற துவர்ப்பு, அதில் பத்தில் ஒரு பங்கு.

ரையில் காரமே இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதிகமாகப் போட்டால் ஒரு நெடி இருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் ரை பியரான ரோகன்பியரைக் குடித்துவிட்டு "ரையில் கிராம்பு வாசம்" என்று எழுதுகிறவர்கள் பலர். அந்தக் கிராம்பும் வாழைப்பழ வாசமும் அதில் போடும் கோதுமை பியர் ஈஸ்ட்டின் வேலை. லாகர் ஈஸ்ட் அதைத் தராது, குளிரில் மெதுவாக வேலை பார்த்துவிட்டு அடியில் போய்ப் படுத்துவிடும். அதனால் லாகரில் தானியம் தனியாக நின்று பேச வேண்டியிருக்கிறது, மெதுவாகத்தான் பேசும். ஜெர்மனியின் பியர் சட்டப்படி அடியில் நொதிக்கும் பியருக்கு, அதாவது லாகருக்கு, பார்லி மால்ட் (முளைக்க வைத்து உலர்த்திய பார்லி) மட்டும்தான். கோதுமையும் ரையும் மேலே நொதிக்கும் வகைகளுக்கு. லாகரின் சொந்த ஊரிலேயே ரை லாகர் வழக்கமான சரக்கு இல்லை. அமெரிக்காவின் சின்னச் சின்ன பியர் ஆலைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, இஷ்டத்துக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நானும் போட்டுப் பார்த்தேன். 19 லிட்டருக்கு மால்ட் கணக்குப் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரை. முதல்முறை செய்கிறவன் பத்து, இருபது சதவீதத்தோடு நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புத் தண்ணீரை வடிக்கும்போது பார்லியின் உமியே சல்லடையாக வேலை செய்யும். ரைக்கு அந்த உமி கிடையாது, கதிரடிக்கும்போதே கழன்றுவிடும். போதாததற்கு அதில் பசைத்தன்மை அதிகம். அதனால் நெல் உமியைக் கலந்துகொள்ளச் சொல்வார்கள். கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள். நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், ரைஸ் மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி உமி கிடக்கும், அதில் சறுக்கி விளையாடி உடம்பெல்லாம் அரிப்பு எடுத்து அடி வாங்கியவன். காசு கொடுத்து உமி வாங்குவதா என்று ஒரு வீம்பு. வாங்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்தால் சொட்டு வரவில்லை. உள்ளே கரண்டியை விட்டால் கேப்பைக் கூழ் மாதிரி நிற்கிறது. வெளியே பனி. அதை ஒரு சமையல் சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வடித்து முடிக்க விடியற்காலை மூன்று மணி ஆனது. மறுநாள் முதல் வேலையாக உமி வாங்கினேன்.

பியர் என்னவோ நன்றாகத்தான் வந்தது. அதாவது, நான் அப்படி நினைத்தேன். பொன்னிறத்தில் லேசான செம்மை, நுரை கெட்டியாக நின்றது, வாயில் கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு வழுவழுப்பு. "இதுதாண்டா ரை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பாட்டிலைத் திறந்து ஊற்றிய அன்று என் மனைவி பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள், "ஏங்க, வெண்ணெய் ஏதும் உருக்குறீங்களா? அடுப்பைப் பாத்துக்குங்க." அவள் சொட்டுகூடக் குடிக்க மாட்டாள். நான் சிரித்துவிட்டு விட்டேன். அங்கே கேட்டிருக்க வேண்டும்.

கிளப் போட்டிக்கு அனுப்பினேன். அங்கே பெரும்பாலும் பிஜேசிபி என்கிற பியர் நடுவர் அமைப்பின் தாளில்தான் மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. நீங்கள் வீட்டில் மதிப்பிடவும் இந்தக் கணக்கு ஒன்றே போதும், அழகாக இருக்கிறது என்பதற்கு மூன்றே மார்க்தான் என்பதைக் கவனியுங்கள். எனக்கு வந்தது 24. இரண்டு நடுவர்களும் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்கள்: டையாசிடைல். வெண்ணெய் வாசம் தருகிற பொருள். நொதிக்கும்போது அது உருவாவது வழக்கம்தான், கடைசியில் இரண்டு மூன்று நாள் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்றுவிடும். நான் அவசரப்பட்டு நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். நான் ரையின் வழுவழுப்பு என்று கொண்டாடியதில் பாதி இதுதான், டையாசிடைலும் நாக்கில் வழுக்கும். அதைவிட, நெய் வாசம் வந்தால் அது குறை என்று நம் மூக்குக்கு எப்படித் தோன்றும்? பொங்கலிலும் பருப்பிலும் ஊற்றித் தின்கிறவர்கள். நல்ல வாசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த வருடம் ஊருக்குப் போனபோது ஒரு கல்யாண வீட்டில் என் மாமா ஒருவர் எல்லோர் முன்னாலும் "இவன் அமெரிக்காவுல சாராயம் காய்ச்சுறானாம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஒழுக்கப் பாடம் எடுத்தார். அதே மாமா அன்று ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளரோடு நின்றார். என்னைப் பார்த்ததும் "மாப்ளே, வாயில போட ஏதாச்சும் இருக்கா" என்றார். எனக்கு அவர் குடித்ததில் வருத்தமில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து மாதிரி ஒரே மடக்கில் விழுங்கினார் பாருங்கள், அதுதான். என்ன குடிக்கிறோம் என்று ஒரு நிமிஷம் முகர்ந்துகூடப் பார்க்காதவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டம்ளரை மட்டும் வைத்துக்கொண்டு மிளகைத் தேடாதீர்கள். ரை லாகரோடு ரை போடாத ஒரு சாதா லாகரையும் வாங்குங்கள், ஏறக்குறைய அதே நிறம், அதே ஆல்கஹால் அளவு. இரண்டும் ஆறேழு டிகிரி குளிரில் இருக்கட்டும். உறைய வைத்த மக்கில் ஊற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நாக்கு மரத்துப்போனால் தண்ணீரும் பியரும் ஒன்றுதான். டம்ளரின் உள்பக்கத்தில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது சரியாகக் கழுவாத டம்ளர், மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் யாரையாவது விட்டு மூன்று டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. எது தனி என்று நீங்கள் பார்க்காமல் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒன்று சரியாக வந்துவிடும், அதனால் நாலைந்து தடவை செய்து பாருங்கள். வாய் நிறையக் குடிக்க வேண்டியதில்லை, ஒரு மிடறு போதும்.

முகரும்போது நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக முகருங்கள். முதலில் கெட்டுப்போன வாசம் இருக்கிறதா பாருங்கள்: வெண்ணெய், நனைந்த அட்டைப்பெட்டி, வேகவைத்த மக்காச்சோளம். இவை இருந்தால் ரையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அது முதலில் ஒழுங்கான லாகராக இல்லை. இல்லையென்றால் வாயில் கனம் எப்படி, விழுங்கிய பிறகு என்ன மிச்சம் என்று பாருங்கள். ரை தன்னைக் காட்டுவது அந்த இரண்டு இடத்தில்தான். ஆங்கிலக் குறிப்புகளில் எழுதியிருக்கும் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். உங்களுக்குப் பழைய சோற்றுத் தண்ணி ஞாபகம் வந்தால் அதையே எழுதுங்கள். கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற வெள்ளைக்காரர்களை அந்த மேஜைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கு மென்ற வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி காய்ச்சினேன். ரை பதினெட்டு சதவீதம், உமி இரண்டு பாக்கெட், கடைசியில் மூன்று நாள் சூட்டில் வைத்து, பாட்டிலில் ஊற்றும் முன் மனைவியை முகரச் சொல்லி, அவள் "ஒண்ணும் இல்லை, பியர் நாத்தம்தான்" என்று சொன்ன பிறகே மூடினேன். 36 வந்தது. ஒரு நடுவர் கீழே எழுதியிருந்தார், ரையின் மிளகு வாசம் அருமையாக வந்திருக்கிறது என்று. அன்று மிச்சமிருந்த பாட்டிலை மூன்று டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.