முதுகில் வைத்த ஆணி உடைந்தால் மறுபடியும் ஒப்பரேஷனா?

கேள்வி: வயது 45. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். நான்கு வருடத்துக்கு முன் இடுப்புப் பக்க முள்ளந்தண்டில் ஆணியும் கம்பியும் வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். கொஞ்ச காலம் நல்லா இருந்தது, இப்போது திரும்ப வலி. எக்ஸ்ரேயில் அடி ஆணி இரண்டும் உடைந்திருக்காம். மறுபடி ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார்கள், வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உடைந்த இரும்போடு இருக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இருக்கலாம் அக்கா, அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் டைட்டேனியம், துருப்பிடிக்காது. உடைந்த துண்டும் அநேகமாக எலும்புக்குள்ளேயே இறுகிக் கிடக்கும், உடம்பெல்லாம் ஓடித் திரியும் என்று பயப்பட வேண்டாம்.

கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எலும்பு ஒட்டிவிட்டதா? ஆணியும் கம்பியும் காலம் பூராவும் பாரம் தாங்க வைத்தவை இல்லை, இரண்டு முள்ளெலும்பும் ஒன்றாக ஒட்டும் வரை அசையாமல் பிடித்து வைக்கத்தான். ஒட்டுவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒட்டாமலே போனால் நீங்கள் குனிந்து நிமிர்கிற ஒவ்வொரு தடவையும் பாரம் உலோகத்தில்தான் விழும், கட்டுக்கம்பியை இங்குமங்கும் மடக்கினால் ஒடிகிற மாதிரி ஒருநாள் ஒடியும். அதனால் ஆணி உடைந்தால் எலும்பு ஒட்டவில்லையோ என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் ஒட்டிய பிறகும் உடைந்த ஆட்கள் உண்டு.

சாதாரண எக்ஸ்ரேயில் இது சரியாகத் தெரியாது. சிடி ஸ்கேன் வேண்டும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கிற எக்ஸ்ரேயும் உதவும். உள்ளே மெல்லிய கிருமித் தொற்று இருந்தாலும் எலும்பு ஒட்டாது, ஆணி தளரும், அதற்கு ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். இதெல்லாம் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் வைத்து நாள் குறித்தால், கொஞ்சம் பொறுங்கள், இன்னொரு நிபுணரிடமும் காட்டுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் எலும்பு, நரம்பு இரண்டு சத்திரசிகிச்சைப் பிரிவுமே இருக்கின்றன. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் குலுங்குவதை விட கோச்சியில் (ரயிலில்) போங்கள், இடையில் எழுந்து நிற்கவாவது முடியும்.

எலும்பு ஒட்டியிருந்தால் வலி பக்கத்து மூட்டிலிருந்தோ இடுப்பிலிருந்தோ வரலாம், ஆணியை மாற்றி அது போகாது. ஒட்டவில்லை, வலியும் அதே இடம்தான், நடக்க நிற்க முடியவில்லை என்றால் மறு ஒப்பரேஷனை யோசிக்கலாம். பழையதைக் கழற்றி இன்னும் தடித்த ஆணி போடுவார்கள், இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்கள், சிலருக்கு வயிற்றுப் பக்கமாகவும் போய்ச் செய்ய வேண்டிவரும். ஆழத்தில் உடைந்த துண்டை எடுக்கப் போனால் பாதிப்பு அதிகம் என்றால் அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. பழைய தழும்புக்குள் வெட்டுவதால் நரம்பு உறை கிழிவது, இரத்தப் போக்கு, தொற்று எல்லாமே முதல் தடவையை விட அதிகம். வலி குறையலாம், ஆனால் அடியோடு போகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

போகும்போது பழைய டயக்னோசிஸ் கார்டை, அதாவது ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் தந்த அட்டையை, கொண்டுபோங்கள். எந்தக் கம்பெனி ஆணி என்று அதில் இல்லையென்றால் முன்பு ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதி வாங்குங்கள், அதற்குப் பொருத்தமான கருவி இல்லாவிட்டால் கழற்றுவதே பெரும்பாடு.

அப்புறம், சொன்னால் கோபப்படாதீர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் இன்றே விடுங்கள். பீடி சிகரெட்டில் இருக்கிற அதே நிக்கொட்டின்தான், எலும்பை ஒட்ட விடாது. சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். இரத்தம் குறைவு என்று தோட்ட டிஸ்பென்சரியில் முன்பே சொல்லியிருந்தால் அதையும் முதலில் சரிசெய்ய வேண்டும்.

சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தொடைக்கிடையிலும் பின்பக்கமும் மரத்துப் போனாலோ, பாதம் தொங்கினாலோ கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஆணி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்க முடியாதா? (அவருடைய மகள்)

பதில்: டைட்டேனியம் என்றால் பொதுவாக எடுக்கலாம், அந்த இடத்தில் படம் கொஞ்சம் மங்கும். எடுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எண்ணெய் போட்டு நீவலாமா, கூடை தூக்கலாமா?

பதில்: எண்ணெய் தடவி இலேசாகத் தேய்த்தால் குற்றமில்லை, முதுகில் ஏறி மிதிக்கிற நீவல் வேண்டவே வேண்டாம். கூடை இப்போதைக்குக் கூடாது. பேர் விழாதே, அன்றைய நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை புரிகிறது, அதனால்தான் டொக்டரிடம் இலேசான வேலை என்று கடிதம் வாங்கித் தோட்ட ஆபீஸில் கொடுக்கச் சொல்கிறேன், வாய்ச்சொல்லை அங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.