ஆடியில் ஒகேனக்கல், ஆவணியில் கல்யாணம்: கேமரா கேட்கும் மகளுக்கு ஒரு வருஷக் கணக்கு

வணக்கம் அம்மா.

காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் 80,000 ரூபாய்க்குக் கேமரா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனை எடுத்துக்கொண்டு அணை, மலை என்று தோழிகளோடு கிளம்பிவிடுகிறாள். இதை நம்பிப் படிப்பை விட்டுவிடுவாளோ என்று உங்களுக்குப் பயம்.

படிப்பை விடக் கூடாது. இதை அவளிடமும் அழுத்தமாகச் சொல்லுங்கள். நம் பக்கம் நன்றாகப் படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கொட்டேஷன் எழுதி, அட்வான்ஸ் வாங்கி, பாக்கியைக் கேட்டு வசூலித்து, வரவு செலவை நோட்டில் வைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பல ஸ்டுடியோக்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அவள் படிக்கும் பி.காம். இந்தத் தொழிலுக்கும் உதவும்.

வருமானத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் மாவட்டங்களில் கேமராவுக்குச் சோறு போடுவது விசேஷங்கள்தான். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் போட்டோகிராபர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணமே கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. இந்த வெற்று மாதங்களில்தான் பலர் வாடகை கட்டத் திணறுகிறார்கள். ஆனால் பாருங்கள், ஒகேனக்கலில் தண்ணீர் பெருகுவது ஆடியில். ஆயுதபூஜையை எதிர்பார்த்து ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தி பூப்பது புரட்டாசியில். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனி இறங்குவது மார்கழியில். உங்கள் மகள் ஊர் சுற்றிப் படம் எடுக்க ஆசைப்படும் காலமும், தொழிலில் வேலை இல்லாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. முகூர்த்த மாதங்களில் விசேஷ வேலை, மற்ற மாதங்களில் வெளியே போய் எடுக்கும் படம் என்று பிரித்துக்கொண்டால் வருஷம் முழுக்கக் கை ஓடும். அவள் ஆசையை வைத்தே இதைத் திட்டமிடலாம் என்று நான் நம்புகிறேன்.

வெளியே போய் எடுக்கும் படத்துக்குக் காசு தருவது யார்? சூரியோதயப் படத்துக்கு யாரும் தர மாட்டார்கள். உங்களுக்கே இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். இப்போது நிறைய விவசாயிகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பெட்டி போட்டு நேரடியாக அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் போடும் படம், மத்தியான வெயிலில் கோணிப்பை மேல் குவித்து எடுத்தது. பழம் என்ன ரகம், எவ்வளவு பெரிது என்றே தெரியாது. அதையே காலை எட்டு மணிக்குள், பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில், ஒரு விரற்கடைக் காம்போடு அறுத்த பழத்தைக் கையில் ஏந்தி எடுக்கட்டும். காம்பை ஒட்டி அறுத்தால் பால் வழிந்து தோல் கறுத்துவிடும். படத்தில் அது அழுகல் போலத் தெரியும். தோல்மேல் இருக்கும் சாம்பல் பூச்சைத் துடைக்கவே கூடாது, மரத்திலிருந்து நேரே வந்ததற்கு அதுதான் அத்தாட்சி. பெங்களூரா ரகம் என்றால் கிளிமூக்குப் போன்ற அந்த நுனி தெரிய வேண்டும். பக்கத்தில் அறுத்த துண்டு ஒன்று, பெட்டியில் அடுக்கியது ஒன்று, தராசில் வைத்தது ஒன்று. இப்படிப் பத்துப் படம் கொண்ட ஒரு தொகுப்புக்குத் தோப்புக்காரர் பணம் தருவார், ஏனென்றால் அது அவருக்குப் பெட்டி விற்றுத் தரும். தை, மாசியில் பூவையும் எடுத்து வைத்திருந்தால் அடுத்த வருஷம் அறுவடைக்கு முன்பே அவருக்கு ஒரு கதை சொல்லக் கிடைக்கும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணைகளுக்கும், நாற்றுப் பண்ணைகளுக்கும் இதே வேலை உண்டு.

கோடையில் ஊருக்கு ஊர் பாரதக் கூத்து நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் அரிதாரம் எழுதும் கலைஞரைப் படம் எடுக்காமல் எந்தப் பிள்ளையும் வராது. எடுக்கட்டும். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும். கட்டை எனப்படும் மர அணிகளைக் கட்டி முழு வேஷத்தோடு நிற்கும் படம் ஒன்றை அவருக்கும் அனுப்பட்டும். நிகழ்ச்சி நோட்டீசுக்கும், விண்ணப்பங்களோடு இணைக்கவும் அவர்களுக்கு நல்ல படம் தேவைப்படுகிறது. அந்தக் கலைஞர்களிடம் காசு வாங்க வேண்டாம் என்பது என் விருப்பம்.

ஒகேனக்கல் அருவிப் படம் ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறது. கர்நாடகத்தில் மழை பெய்து அணைகள் திறந்தால் இங்கே தண்ணீர் செம்மண் நிறத்தில் பொங்கும். குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவார்கள். அந்த நாட்களில் தடுப்பைத் தாண்டிப் பாறையில் நின்று படம் எடுப்பது உயிரோடு விளையாடுவது. வெள்ளம் வடிந்த பிறகு போகட்டும். மீன் பொரிக்கும் அம்மாவையும், எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவரையும், பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து வருபவரையும் எடுத்தால் இடத்தோடு ஆளும் பதிவாகும். இப்படிப்பட்ட படங்களைத்தான் இணையத்தில் படம் விற்கும் தளங்களில் போடலாம். படம் போடுபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். முகம் அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அந்த ஆளிடம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். அடோபி ஸ்டாக் தளம் புகைப்பட விற்பனையில் 33 சதவீதத்தைப் படம் எடுத்தவருக்குத் தருகிறது, ஆனால் ஒரு படம் விற்கும் விலையே சிறியது. மாதச் சம்பளம் போல இதை நினைக்க வேண்டாம். பொதுவான மலை, மேகப் படங்களை இப்போது கம்ப்யூட்டரே உண்டாக்கித் தந்துவிடுகிறது. ஊர் பேர், என்ன வேலை, எந்தப் பருவம் என்று சரியாகக் குறிப்பு எழுதிய படத்துக்குத்தான் மதிப்பு.

யானை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மழைக்காலம் முடிந்து ராகி விளையும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் இறங்கும். போன் வைத்திருக்கிற எல்லாரும் பின்னால் ஓடுகிறார்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். அதைவிட, விரட்டப்பட்ட யானை அடுத்த வயலில் எந்த விவசாயியின் மேல் திரும்பும் என்று தெரியாது. இந்தப் படம் வேண்டவே வேண்டாம்.

பெண் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு விசேஷத்துக்குப் போவதா என்று உறவுக்காரர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். மணப்பெண் அலங்கார அறை, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பச்சிளங்குழந்தைப் படம் என்று பெண் போட்டோகிராபரையே தேடும் வீடுகள் இருக்கின்றன. அந்த வேலைக்கு அவள் போனால் அந்த வீட்டுப் பெண்களுக்கும் நிம்மதி. தூரமான இடம், இரவு வேலை என்றால் துணையோடு போகட்டும். வண்டிச் செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, அவளுக்கே தெரிந்திருக்காது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போகும். தானாகப் போய் எடுத்த படம் அவளுக்குச் சொந்தம். ஆகவே விசேஷ வேலைக்குக் கொட்டேஷன் தரும்போதே, "என் வேலையைக் காட்ட இந்தப் படங்களைப் பயன்படுத்துவேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

கேமராவை இப்போது வாங்க வேண்டாம். 80,000 ரூபாய் கேமரா மூன்று வருஷம் உழைத்தாலும் மாதம் சுமார் 2,200 ரூபாய் அதற்கே போகிறது. லென்ஸ், கார்டு, ரிப்பேர் தனி. அந்த 2,200-ஐ அவள் போனிலும் வாடகைக் கேமராவிலும் தொடர்ந்து சம்பாதித்துக் காட்டட்டும், பிறகு பழைய கேமரா ஒன்றை நன்றாகச் சோதித்து வாங்கலாம். ட்ரோன் ஆசையும் வரும். 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிகத்துக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், அது அப்புறம். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெயர் பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில்தான் வேலை செய்தார் என்று அவளிடம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களைக் கேளுங்கள். அங்கே புகைப்படம், வீடியோ பயிற்சியும் பட்டியலில் உண்டு, கட்டணம் கிடையாது. அடுத்த வகுப்பு எப்போது என்று நேரில் விசாரியுங்கள். டிகிரி முடித்த பிறகும் இதே ஆர்வம் இருந்தால் புனே திரைப்படக் கல்லூரி, காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனம் என்று மேற்படிப்புக்கு வழி இருக்கிறது.

இந்த ஆடி தொடங்கி ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: எங்கே போனாள், என்ன செலவு, யாருக்குப் படம் கொடுத்தாள், என்ன வந்தது. தை முகூர்த்தம் முடிந்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். கேமராவா, இன்னும் ஆறு மாதம் பொறுப்பதா என்று அதை வைத்து முடிவு செய்வோம்.