வைரம் உடையுமா?

கேள்வி: 1968-ல் என் மாமியார் கல்யாணத்துக்குப் போட்ட ஏழு கல் தோடு இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் குளியலறைத் தரையில் விழுந்து நடுக்கல்லின் ஓரம் பெயர்ந்துவிட்டது. கடையில் காட்டினால், "அசல் வைரம் உடையாதும்மா, இது வேற கல்" என்கிறார்கள். இத்தனை வருடம் ஏமாந்திருக்கிறோமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த ஒரு வார்த்தையை நம்பித் தோட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. முப்பது வருடமாகக் கல் பதிக்கிறேன். அசல் வைரம் என் கையிலேயே உடைந்திருக்கிறது. ஒரு மூக்குத்தியில் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கியை மடக்கும்போது இடுக்கி நழுவிக் கல்லின் விளிம்பில் அழுந்தியது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால், கடுகில் பாதி அளவுக்குச் சில்லு போயிருந்தது.

கீறல் விழாது என்பது வேறு, உடையாது என்பது வேறு. மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கு 9. அது எது எதைக் கீறும் என்ற வரிசை மட்டும்தான். அழுத்திச் சோதித்தால் வைரம் மாணிக்கத்தைவிடப் பல மடங்கு கடினம். உங்கள் தோட்டில் பட்டைகள் இன்னும் மழுங்காமல் இருந்தால் காரணம் அதுதான். ஆனால் வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. விறகு பிளக்கிறவர் ரேகை பார்த்துக் கோடாலி போடுவாரே, அது மாதிரி அந்தத் திசையில் அடி பட்டால் வைரமும் பிளக்கும். 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் அப்படித்தான் பிளந்தார்கள். இன்னொரு வைரத்தால் பள்ளம் போட்டு, அதில் எஃகுத் தகட்டை வைத்து அடித்தார்கள்.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். பேனா மாதிரி இருக்கும் சோதனைக் கருவி அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அந்தக் கருவியை ஏமாற்றும் மாய்சனைட் என்ற செயற்கைக் கல் 1990-களின் கடைசியில்தான் நகைக்கு வந்தது. இடையில் யாரும் கல்லை மாற்றியிருக்காவிட்டால் உங்கள் தோட்டில் அது இருக்க வழியில்லை. வேறொரு கடையில், உங்கள் கண் முன்னாலேயே ஏழு கல்லையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வைரம்தான் என்று தெரிந்தால், அவசரப்பட்டுப் பட்டை தீட்டக் கொடுக்காதீர்கள், எடை குறையும். கல்லைக் கொஞ்சம் திருப்பி, சில்லு போன இடம் கொக்கிக்கு அடியில் வரும்படி பதித்துத் தரச் சொல்லுங்கள்.