எஞ்சின் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

1990-களில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாவற்றுக்கும் 280 குதிரைத்திறன் என்றே போட்டிருக்கிறது. சில பத்திரிகைகளில் 276 என்று இருக்கிறது. எது சரி? எல்லா எஞ்சினும் ஒரே சக்தியில் எப்படி அமைந்தது?
(வாசகர், ஈரோடு)

இரண்டும் சரிதான். ஜப்பானில் பி.எஸ். என்ற மெட்ரிக் அளவில் எழுதுவார்கள். அந்த 280-ஐ பிரிட்டிஷ் அளவுக்கு மாற்றினால் 276 வரும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு வருத்தமான காரணம் உண்டு. 1988-ல் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 10,000-ஐத் தாண்டினார்கள். காரின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவது சரியா என்ற கேள்வி எழுந்தது. மறுவருடம் நிஸ்ஸான் ஃபேர்லேடி இசட் 280-உடன் வந்தது. அதற்கு மேல் போவதில்லை என்று கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. சட்டம் எதுவும் கிடையாது. 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300-உடன் வரும்வரை இந்தப் பேச்சு நீடித்தது.

ஆனால் 280 என்பது விளம்பரத் தாளில் அச்சடித்த எண். ஜப்பானில் 280 என்று போட்ட டொயோட்டா சுப்ராவின் அதே தலைமுறை அமெரிக்காவில் 320 என்று விற்றது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். எஞ்சின் பந்தயத்துக்காகவே வடிவமைத்தது, அங்கே 500-க்கு மேல் கொடுத்தது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் 29 பந்தயம், 29-லும் அந்தக் கார்தான் ஜெயித்தது. அந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலை (பிளாக்) தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 280-க்காக யாரும் அவ்வளவு கனமாக வார்க்க மாட்டார்கள்.

சக்தி அதிகமுள்ள கார்தானே அதிகம் விற்க வேண்டும்? இவ்வளவு பெயர் வாங்கிய சுப்ரா, ஆர்.எக்ஸ்.7 எல்லாம் ஏன் நின்றுபோயின?
(வாசகி, சிவகாசி)

இல்லை அம்மா. ஸ்போர்ட்ஸ் கார் விற்பனையில் சக்தியை விட விலையும் எடையும்தான் பெரிது என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொந்த அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜப்பானின் ஆய்ச்சி மாநிலத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அப்போது 1990 மாடல் மாஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றை, ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினேன். சிவப்பு நிறம், பொத்தானை அழுத்தினால் மேலே எழும் முன்விளக்கு. எஞ்சின் 1.6 லிட்டர், சக்தி வெறும் 120. ஆனால் கார் 940 கிலோதான்! அங்கேயுள்ள மிகாவா மலைப்பாதையில் இரண்டாவது கியரில் எஞ்சினை முழுக்க இழுத்து, வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துத் திருப்பினால் கார் மனதைப் படித்ததுபோல் திரும்பும். அவ்வளவையும் மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே அனுபவிக்கலாம். 280 குதிரைத்திறன் காரில் அந்தப் பாதையில் பாதி எஞ்சின் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஓட்டியவன் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியரும் வாங்கக்கூடிய விலை, சாதாரணப் பட்டறையிலேயே பழுது பார்க்க முடிகிற எஞ்சின். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது ரோட்ஸ்டர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் உலக சாதனை அது.

அதே 2016-ல் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா என்.எஸ்.எக்ஸை இதோடு வைத்துப் பாருங்கள். இரட்டை டர்போ வி6, மூன்று மின்மோட்டார், மொத்தம் 581 குதிரைத்திறன். ஜப்பானில் விலை 2 கோடியே 37 லட்சம் யென். ரோட்ஸ்டர் அப்போது 25 லட்சம் யென்னுக்குக் கிடைத்தது. என்.எஸ்.எக்ஸ் 2022-ல் நின்றபோது உலகம் முழுக்க விற்றது மூவாயிரத்துக்கும் குறைவு. அருமையான பொறியியல், அதில் சந்தேகமே இல்லை. அந்த விலைக்கு வந்தவர்கள் இத்தாலிக் கார் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

சரி, சுப்ராவுக்கு வருவோம். சுப்ரா, ஆர்.எக்ஸ்.7, ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., சில்வியா நான்கும் 2002 ஆகஸ்டில் ஒன்றாக நின்றன. புகை விதிகள் கடுமையானதுதான் நேர்க் காரணம். ஆனால் விற்பனை நன்றாக இருந்திருந்தால் கம்பெனிகள் பணம் போட்டு எஞ்சினைத் திருத்தியிருக்கும். ஜப்பானில் நிலம், பங்கு விலை ஊதிப் பெருகிய பொருளாதாரக் குமிழி உடைந்து பத்து வருடம் ஆகியிருந்தது. குடும்பஸ்தர்கள் மினிவேனுக்கு மாறிவிட்டார்கள். இன்று அந்தக் கார்களுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலையைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். புதிதாக ஷோரூமில் நின்றபோது வாங்க ஆளில்லையே!

ஹோண்டா ப்ரெலூட் திரும்ப வந்திருக்கிறது. சுமார் 200 குதிரைத்திறன் ஹைப்ரிட், 60 லட்சம் யென்னுக்கு மேல். விற்குமா?
(வாசகர், மதுரை)

2025 செப்டம்பரில் விற்பனை தொடங்கியபோது மாதம் 300 கார் என்பதுதான் திட்டம். முதல் மாதத்திலேயே இரண்டாயிரத்துக்கும் மேல் முன்பதிவு. அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். 1980-களில் ப்ரெலூடுக்கு ஆசைப்பட்டு, இப்போது கையில் பணம் உள்ள தலைமுறை முதலில் வந்து வாங்கும். அவர்கள் வாங்கி முடித்த பிறகு, இரண்டாம் வருடக் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

எனக்குள்ள கவலை சக்தி பற்றியது இல்லை, விலை பற்றியது. ஏறக்குறைய பாதி விலையில் டொயோட்டா ஜி.ஆர்.86-இன் அடிப்படை வகை கிடைக்கிறது. அதில் 235 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். ப்ரெலூடில் கியர் மாறுவதுபோல் ஓசையும் அதிர்வும் உண்டாக்குகிறார்கள், கிளட்ச் கிடையாது. இருபத்தைந்து வயதுப் பையன் என்னிடம் யோசனை கேட்டால் ஜி.ஆர்.86 என்றுதான் சொல்வேன். தினமும் அலுவலகம் போய்வரும் ஐம்பது வயதுக்காரருக்கு ப்ரெலூட் பொருந்தும், பெட்ரோலும் மிச்சம்.

ரோட்ஸ்டரை இந்தியாவில் வாங்க முடியுமா?
(வாசகர், கோவை)

மாஸ்டா இந்தியாவில் கடை திறக்கவே இல்லை. நிஸ்ஸான் 2016 டிசம்பரில் ஜி.டி.ஆரைக் கொண்டுவந்தபோது விலை 1 கோடியே 99 லட்சம் ரூபாய். முழுதாகக் கட்டிய காரை இறக்கினால் வரி அப்படி ஏறிவிடும். ஜப்பான் போகும்போது ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அங்கேயும் வலதுபக்க ஸ்டீயரிங்தான், பழகுவதில் சிரமம் இருக்காது. கிளம்புவதற்கு முன் இங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.