வட்டியை விடுங்கள், முதலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் கேட்டரிங் நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் சமைத்து அனுப்புவோம். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஊழியர் பயிற்சிக்காக முதலாளிமார் கட்ட வேண்டிய மனிதவள லெவியைக் கட்டவில்லை என்று போன மாதம் ஒரு கடிதம் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து 2024 டிசம்பர் வரை 36 மாதம், மாதத்துக்கு 450 ரிங்கிட், ஆக 16,200. அதற்கு மேல் 2025 பிப்ரவரி 15 வரைக்கும் தாமத வட்டி என்று ஏறக்குறைய 2,500. லெவியைக்கூட ஒருவழியாகக் கட்டிவிடலாம், வட்டியைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. வேறொரு கம்பெனி இந்த மாதிரித் தாமதக் கட்டணத்தை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறதாம், நாமும் போவோம் அண்ணி என்கிறார் கொழுந்தனார். வக்கீல் கேட்கும் முன்பணமே வட்டியைவிட அதிகமாக இருக்கிறது. போகலாமா? கடிதத்தின் நகலையும் அதோடு வந்த தாள்களையும் வைத்திருக்கிறேன்.
வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, உங்கள் கொழுந்தனாருக்கு ரோஷம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி வழக்குகளுக்கு அப்படியே பொருந்தும். வட்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்தத் தாள்களைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாவது தாளில் உங்கள் கிராணி பூர்த்தி செய்த பாரம் இருக்கிறது. ஊழியர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நீலப் பேனாவால் 15 என்று எழுதி, சும்மா இருக்காமல் அதைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருக்கிறார். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அடுப்படியில் வங்காளதேசிகள் ஆறு பேர், 2023 ஆகஸ்ட் முடிந்ததும் டிரைவர் ஒருவரையும் ஆபீசுக்கு ஒரு பிள்ளையையும் சேர்த்தோம்." அந்த ஒரு வரியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

2001-ஆம் ஆண்டின் பெம்பாங்குனான் சும்பர் மனுசியா பெர்ஹாட் (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) சட்டம், அதாவது 612-ஆவது சட்டம், ஊழியர் என்று சொல்வது மலேசியக் குடிமக்களை மட்டும்தான். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில் பத்து மலேசிய ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களுடைய சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டாயம். ஐந்திலிருந்து ஒன்பது பேர் என்றால் விரும்பினால் பதிந்துகொள்ளலாம், அப்போது 0.5 விழுக்காடு. உங்களிடம் 15 பேரில் ஆறு பேர் வெளிநாட்டவர், மிச்சம் ஒன்பது. 2023 செப்டம்பரில் புதிதாக இரண்டு பேர் வந்த பிறகுதான் பதினொன்று ஆகிறது. அதற்கு முந்தைய இருபது மாதத்துக்கு உங்களிடம் கட்டாய லெவி கேட்க வழியே இல்லை. நீங்களாகப் பதிந்துகொண்டிருந்தால் அது வேறு கதை, ஆனால் நீங்கள் பதியவே இல்லை.

இன்னொன்று. 36 மாதமும் அச்சுப் பிசகாமல் அதே 450. மூன்று வருஷம் சம்பளப் பட்டியல் அசையாமல் நிற்கிற கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை, அதுவும் கேட்டரிங்கில். 45,000 ரிங்கிட் மொத்தச் சம்பளத்தில் 1 விழுக்காடு என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார்கள், அந்த ஆறு பேருடைய 9,000 ரிங்கிட்டும் அதற்குள் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சம்பளம் 36,000 என்றால் லெவி மாதம் 360தான். அதிலும் அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாத படியும்தான் கணக்கில் வரும். கல்யாண சீசனில் கொடுக்கிற ஓவர்டைமையும் உங்கள் ஆள் சேர்த்து எழுதியிருக்கிறாரா என்று சம்பள வவுச்சரை எடுத்துப் பாருங்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். 2023 செப்டம்பர் முதல் 2024 டிசம்பர் வரை 16 மாதம், மாதம் 360, ஆக 5,760. வட்டி வருஷத்துக்கு 10 விழுக்காடு, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு. ஒரு மாத லெவியான 360 ரிங்கிட்டுக்கு ஒரு நாள் வட்டி பத்து சென் காசுகூட ஆகாது. ஒவ்வொரு மாத லெவியையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும், அதிலிருந்து 2025 பிப்ரவரி 15 வரைக்கும் கூட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட 408 ரிங்கிட் வருகிறது. 18,700 என்று வந்த கடிதம் 6,168-க்கு இறங்கிவிட்டது. 2,500 ரிங்கிட் வட்டியில் 2,000-க்கு மேல் போய்விட்டது, வட்டியைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடவில்லை.

சரி, வழக்கு. கேட்டீர்களே என்பதற்காகச் சொல்கிறேன். வரியோ லெவியோ சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது என்று நம் கூட்டரசு அரசியலமைப்பின் 96-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே நீதிமன்றம் கேட்கிற கேள்வி, இந்தக் கட்டணம் நியாயமா, வியாபாரி தாங்குவாரா என்பதல்ல. இதை வாங்கச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது என்பதுதான். இங்கிலாந்தில் முதல் உலகப் போர் முடிந்த கையோடு நடந்த ஒரு பால் வழக்கு இதற்குப் பேர்போனது. பால் வாங்கி விற்க லைசென்ஸ் வேண்டுமானால் காலனுக்கு இரண்டு பென்ஸ் கொடு என்றார் உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி. வில்ட்ஸ் யுனைடெட் டெய்ரீஸ் என்ற கம்பெனியும் சரி என்று ஒத்துக்கொண்டது. பிறகு கட்ட மறுத்தது. நீ ஒத்துக்கொண்டாயே என்று அரசாங்கம் வழக்குப் போட, நாடாளுமன்றம் அனுமதிக்காத கட்டணத்தை ஒத்துக்கொள்ள வைத்தும் வாங்க முடியாது என்று 1921-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது, மறு வருஷம், அப்போது அங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதையே சொன்னது. நம் நாட்டில் செம்பனை ஆராய்ச்சிக்கென்று வாங்கும் செஸ் என்ற வரி விவகாரத்தில் ஒரு தாவர எண்ணெய்க் கம்பெனியின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனபோதும், சட்டத்தின் சொற்களை எப்படிப் படிப்பது என்பதுதான் பேச்சாக இருந்தது.

தாமத வட்டிக்கென்றே பேசுகிற தீர்ப்பு வேண்டுமானால் இந்தியாவின் ஜே.கே. சிந்தெட்டிக்ஸ் வழக்கு இருக்கிறது. வரிப் பாக்கிக்கு வட்டி வாங்க வேண்டுமானால் சட்டமே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது. இங்கே அது கட்டாயம் இல்லை, ஆனால் வக்கீல்கள் எடுத்துக் காட்டலாம். ஒரு வாரியம் தானாக ஒரு சுற்றறிக்கை போட்டு, பிந்தினால் இவ்வளவு என்று கூட்டிக்கொண்டால் இந்த வாதம் கத்தி மாதிரி வெட்டும். உங்கள் விஷயத்தில் வெட்டாது, ஏனென்றால் அந்த 10 விழுக்காடு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படி ஒன்றும் கொள்ளை வட்டியும் இல்லை, நீங்கள் குடியிருக்கிற கொண்டோவில் பராமரிப்புக் கட்டணம் பிந்தினால் நிர்வாகம் வாங்கக்கூடிய உச்சவரம்பும் இதே 10தான்.

அதனால் கொழுந்தனாரை உட்கார வைத்து, பதில் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மாதவாரியாக உள்ளூர் ஊழியர் பெயர்ப் பட்டியல், அதற்குச் சான்றாக இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கட்டிய பட்டியல், வெளிநாட்டவரின் பெர்மிட் நகல், புதிதாகச் சேர்ந்த இருவரின் வேலைக் கடிதம், இவ்வளவையும் இணைத்து, பாரத்தில் எண்ணிக்கை தவறாக எழுதப்பட்டது எங்கள் பிழை, திருத்திக் கணக்கிடுங்கள் என்று கேளுங்கள். பிழையை ஒத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மறுப்பில்லாத 5,760-ஐ உடனே கட்டிவிடுங்கள், அதோடு அந்தத் தொகைக்கு வட்டி ஓடுவது நிற்கும். லெவி கட்டாமல் இருப்பது குற்றமும்கூட, 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டுமே. வீம்புக்கு உட்கார்ந்திருக்கிற விஷயமில்லை இது. பாக்கியை ஊழியர் சம்பளத்தில் பிடித்துவிடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

திருத்தக் கணக்கை அவர்கள் மறுத்தால்தான் நீதிமன்றப் பேச்சு. அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. பொது அமைப்பின் முடிவை எதிர்த்துச் சீராய்வு மனு போட உயர் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும், முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். நீதிமன்ற விதிகளில் 53-ஆவது கட்டளை அது. கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது, கடித உறையைத் தூக்கிப் போடாமல் தேதி முத்திரையோடு பத்திரமாக வையுங்கள். ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் மனு போட்டுவிட்டால் வட்டி தானாக நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிறுத்தி வைக்கும்படி தனியாக உத்தரவு வாங்க வேண்டும்.

லெவிப் பணத்தை எப்படிச் செலவழித்தார்கள், எங்கே முதலீடு செய்தார்கள் என்று 2024 ஜூலையில் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை கேள்வி எழுப்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோயில் கமிட்டி கணக்குச் சரியில்லை என்பதற்காக நாம் ஒத்துக்கொண்ட வரியை நிறுத்தினால் எப்படியோ, அதே கதைதான் இதுவும். கேட்க வேண்டிய இடம் வேறு.

கேள்வி: அபராதம் அளவுக்கு மீறி இருந்தால் ஒப்பந்தச் சட்டம் 75-ஆவது பிரிவின்படி செல்லாது என்று கூட்டாளி ஒருவர் சொல்கிறார். சேவை வரி பிந்தியதற்கு எங்களுக்கு 40 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரிவைக் காட்டிக் குறைக்க முடியுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியாது, அண்ணே. 75-ஆவது பிரிவு இரண்டு பேர் கைகுலுக்கிப் போடுகிற ஒப்பந்தத்துக்கு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று அது சொல்கிறது, 2018-இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை விளக்கமாகப் பேசியிருக்கிறது. வரிச் சட்டத்தில் நீங்களும் அரசாங்கமும் உட்கார்ந்து பேரம் பேசவில்லையே. சேவை வரியின் படிக்கட்டு சட்டத்திலேயே கட்டப்பட்டது: முதல் 30 நாளுக்கு 10, அடுத்த 30-க்கு இன்னும் 15, அதற்கடுத்த 30-க்கு மறுபடி 15, ஆக 40, அதற்கு மேல் ஏறாது. 10,000 ரிங்கிட் வரிக்கு மூன்றே மாதத்தில் 4,000. செந்தூல் அம்மா மூன்று வருஷத்துக்கு 2,500 என்று அழுகிறார், உங்கள் கடிதத்தை அவருக்குக் காட்டலாம் போலிருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணமும் சான்றும் இருந்தால் தண்டத்தைக் குறைக்கச் சொல்லி சுங்கத் துறைக்கு எழுதுங்கள், ஒப்பந்தச் சட்டத்தை அதில் இழுக்காதீர்கள்.

கேள்வி: முதலில் கட்டிவிட்டு அப்புறம் வழக்கில் ஜெயித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைத்தாலும் வட்டி தருவார்களா? நம்மிடம் மட்டும் வாங்குகிறார்களே.
வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்டே ஒரு கம்பெனி சரித்திரத்தில் இடம் பிடித்திருக்கிறது. வுல்விச் என்ற வீட்டுக்கடன் சங்கம் 1986-இல் பிரிட்டிஷ் வரித்துறை கேட்டபடி ஏறக்குறைய 5 கோடியே 70 லட்சம் பவுண்டைக் கட்டியது, கட்டிவிட்டு அந்த விதியே செல்லாது என்று வழக்குப் போட்டு ஜெயித்தது. முதல் திரும்ப வந்துவிட்டது. பணம் அவர்கள் கையில் இருந்த காலத்துக்கு 67 லட்சம் பவுண்டுக்கு மேல் வட்டி கேட்டபோதுதான், நாங்கள் கொடுத்தது பெருந்தன்மையால், கடமையால் அல்ல என்று மழுப்பினார்கள். 1992-இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வுல்விச் பக்கம் நின்றது. சட்ட அதிகாரம் இல்லாமல் வாங்கிய பணம் கொடுத்தவருடைய உரிமை, ஆகவே வட்டியும் உண்டு. இங்கே நீங்கள் கட்டும்போது ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டு, அவர்களுடைய பெற்றுக்கொண்ட முத்திரை விழுந்த நகலை வாங்கி வையுங்கள். அந்த முத்திரை இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.